ஒரு ஷேடு கூட்டி ஒட்டிய கண்ணாடி

போலீஸ்காரர் கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னபோது, "இறக்கக் கூடாதுங்க சார், ஒரு வாரம் ஆகோணும்" என்று பதில் சொன்ன ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஐம்பத்திரண்டு வயது. குடிப்பழக்கம் இல்லை. முழு நிதானத்தோடுதான் சொன்னேன். அப்படிச் சொல்ல நேர்ந்த கதையை எழுதினால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்று நினைத்து ஆரம்பித்தேன். எழுதப் போனால் மிஞ்சாது போலிருக்கிறது. பரவாயில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தேழு வருஷமாக ஒரே வேலைதான். சட்டையை மடித்து, உள்ளே அட்டை வைத்து, பாலிபேக்கில் போட்டு, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி அனுப்ப வேண்டும். இதையே செய்து செய்து, ஒரு பொருள் எதற்குள்ளும் போகாமல் வெறுமனே கிடந்தால் எனக்குக் கை பரபரக்கும். எங்கள் வீட்டு டிவி ரிமோட் பாலிதீன் கவருக்குள்தான் இருக்கிறது. அழுத்தினால் முதலில் சரசரவென்று சத்தம் வரும், அப்புறம்தான் சேனல் மாறும். சோபா வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அது என்ன கலர் என்று யாராவது கேட்டால் என் மனைவி, "எங்களுக்கும் தெரியாதுங்க, இன்னும் பிரிக்கலீங்க" என்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிரிக்காமல் சொல்லக்கூடியவள்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு புதுக் கார் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

கருநீல நிறம். ஷோரூமில் சாவி கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் பம்பரில் உட்கார்ந்த ஒரு ஈயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பத்து நாளும் வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. நான் வழக்கம்போல டூவீலரில் கம்பெனிக்குப் போய்வந்தேன். பொழுதோட வீடு திரும்பியதும் ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர், "ஏனுங்க, இது ஓடுமுங்களா?" என்று கேட்டார். "ஓடுமுங்க" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி போன் செய்தாள்.

எனக்கு ஒரே தங்கச்சி. தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் குழந்தை இல்லை. அந்தப் பதினொரு வருஷமும் மாமியார் வீட்டில் அவள் காதில் என்னென்ன விழுந்தது என்பதில் கால்வாசிதான் எனக்குத் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. அப்புறம் ஒரு பையன் பிறந்தான். இப்போது அவனுக்கு மூன்று வயது. குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்த நாள் குறித்துவிட்டார்கள்.

"அண்ணா, ஞாயித்துக்கெழமைங்க. ஒம்பதரைக்கு மேல பத்தரைக்குள்ள குத்தோணும். நேரம் தவறக்கூடாதுன்னு எங்க மாமியா பத்து வாட்டி சொல்லிப்போட்டாங்க."

"வந்தர்றன் கண்ணு."

"சீரு பெருசா வேணாமுங்க. நீங்க வந்து மடில வெச்சுக்கிட்டாப் போதும். அப்பா இல்ல, அம்மா இல்ல. பொறந்த ஊடுன்னு அங்க காட்டறதுக்கு எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கறீங்க."

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அது எங்கள் பக்கத்தில் மாறாது. மாமன் இல்லாவிட்டால் வேறு யாராவது மடியில் வைத்துக்கொள்வார்கள், காதும் குத்தப்பட்டுவிடும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாதியில்லை என்பதும் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். தங்கச்சி இதையெல்லாம் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

என் மண்டைக்குள் இது எப்படிப் போயிற்று என்றால், தங்கச்சி மானம் காக்க வேண்டும், அதற்குக் கார் பளபளவென்று இருக்க வேண்டும். பொறந்த வீட்டுக் கார் அந்தக் கோயில் வாசலில் வந்து நிற்கிறபோது அவள் மாமியாருக்குக் கண் கூச வேண்டும். மறுநாளே பல்லடம் ரோட்டில் காருக்கு ஃபிலிம் ஒட்டுகிற கடையில் போய் நின்றேன்.

கடைக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். நிதானமான மனிதர். பெயிண்ட் மேல் ஒட்டுகிற ஃபிலிமை ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நான் வழக்கப்படி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது.

"எத்தன ஜிஎஸ்எம்முங்க?" என்று கனத்தைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இது துணி இல்ல. இதை மைக்ரான்ல சொல்லுவாவ."

"லைக்ரா கலந்திருக்குதுங்களா?"

அவர் ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பனியன் கம்பெனியா?" என்றார்.

வண்டியை வியாழக்கிழமை விட்டேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமைப் போர்த்தி, ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, வளைவு வந்த இடத்தில் சூடு காட்டி இழுத்து ஒட்டினார்கள். நான் லீவு போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மையிலேயே நல்ல வேலை. முப்பது பேர் இருக்கும் எங்கள் செக்‌ஷனில் அந்தக் கை ஒருவருக்கும் வராது. கல் தெறித்தாலும், முள் கீறினாலும் எல்லாம் இந்தப் பிளாஸ்டிக்கோடு போய்விடும், பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். இருபத்தேழு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த பாலிபேக் இதுதான் என்று தோன்றியது.

வினை கண்ணாடியில்தான் வந்தது. வெயில் தடுக்கும் ஃபிலிமில் நாலைந்து ஷேடு இருந்தது. அவர் வெளுப்பாக ஒன்றைக் காட்டி, "இதைப் போட்டுக்கிடுங்க, இதுக்குப் போலீஸு ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றார். நான் அந்தத் துண்டை வாங்கி வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன், நிழலில் பிடித்தேன், டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். துணியில் ஷேடு பார்ப்பது அப்படித்தான். பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு ஷேடு கூட்டி வைங்க" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. கார்க் கண்ணாடியே கொஞ்சம் கலராத்தான் வருது. இதையும் ஒட்டுனா ரெண்டும் சேர்ந்து ரொம்ப இருட்டாயிரும்."

"ஒரு வாஷ் போனா எறங்கீருமுங்க."

திருப்பூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சாயம் முதல் துவைப்பில் கொஞ்சம் இறங்கும், அதனால் ஒரு ஷேடு கூட்டி வைத்தால்தான் கடைசியில் சரியாக நிற்கும். கையில் இருந்தது பிளாஸ்டிக் என்பதும் அதைத் துவைக்கப்போவதில்லை என்பதும் என் நினைவுக்கு வரவில்லை. கடைக்காரர், "வாஷ்லயா?" என்று மட்டும் கேட்டார். "எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்களா?" என்றேன். அவர் ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது, "சொல்லுதத மட்டும் கேட்டுக்கிடுங்க. ஒரு வாரம் கண்ணாடிய எறக்கிராதீய. பசை காயணும். எறக்குனா ஓரம் மடங்கிரும்" என்றார். இந்த ஒன்றை மட்டும் நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். பின் சீட்டில் சீர்த் தட்டு. தேங்காய், பழம், பையனுக்குப் பட்டு வேட்டி சட்டை. மனைவியின் கைப்பையில் சின்னதாக ஒரு ஜோடி தங்கத் தோடு. சும்மா போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

நான் நாற்பதுக்கு மேல் போகவில்லை. முன்னால் போகிற வண்டியின் டயரிலிருந்து கல் தெறிக்கும் என்று எல்லோருக்கும் வழி விட்டேன். பல்லடத்துப் பக்கமிருந்து வந்த கோழி லாரி ஒன்று முன்னால் சேர்ந்துகொண்டது. இறகு பறந்து வந்து பானட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று அதற்கு நூறு மீட்டர் பின்னாலேயே போனேன். சைக்கிளில் போன ஒரு பெரியவர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி இருட்டாக இருந்ததால் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. ஃபிலிம் ஒட்டியதால் வந்த முதல் நன்மை அது.

"ஏனுங்க," என்றாள் மனைவி, "காது குத்து இந்த வருசந்தானுங்களே?"

கொடுவாய் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். என் வயதுதான் இருக்கும். ஓரம் கட்டினேன். அவர் என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே பார்க்கக் குனிந்தார். கண்ணாடியில் அவர் முகமே தெரிந்திருக்க வேண்டும், தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

அப்போதுதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். உள்ளிருந்து கத்திச் சொன்னேன்.

"எதுக்குங்க ஒரு வாரம்?" அவரும் வெளியிலிருந்து கத்தினார். "உள்ள என்ன வெச்சிருக்கறீங்க?"

"எம்பட சம்சாரமுங்க!"

அவர் முகம் மாறியது. இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டார். மனைவி இதற்குமேல் பொறுக்காமல் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினாள். பட்டுப் புடவையும் பூவுமாக அவளைப் பார்த்ததும் அவர்கள் கொஞ்சம் தணிந்தார்கள்.

"சார், உள்ள ஒண்ணுமில்லீங்க. சீர்த்தட்டும் இவருந்தான். கண்ணாடிக்குப் புதுசா பிளாஸ்டிக் ஒட்டியிருக்கறாரு. எறக்குனா மடங்கீருமாமா."

நானும் இறங்கினேன். போலீஸ்காரர் நாலு கண்ணாடியையும் சுற்றி வந்து பார்த்தார். "இத்தன கருப்பு ஒட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"ஒரு வாஷ் போச்சுன்னா ஷேடு எறங்கீருமுங்க சார்."

பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றார். "எங்கூட்டுலயும் எல்லாரும் டையிங்லதானுங்க இருக்கறாங்க," என்றார். "கண்ணாடில எங்கீங்க சாயம் போகுது?"

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ரோட்டோரம், காக்கிச் சட்டைக்கு முன்னால், மனைவியின் பக்கத்தில் நின்று உறைத்தது.

காது குத்து, நேரம், தாய்மாமன், வெள்ளிக்கிழமை ஒட்டி வாங்கிய ஃபிலிம் எல்லாவற்றையும் மனைவி எடுத்துச் சொன்னாள். அவரும் நல்ல மனிதர்தான். "உங்கள நிறுத்தி வெக்கோணும்னு எனக்கென்னங்க ஆசையா? ரசீது போட்டர்றன். பிளாஸ்டிக்க இங்கயே கிழிச்சுப்போட்டுக் கெளம்புங்க. ஒட்டி ரெண்டு நாள்தான ஆச்சு, பச்சையாத்தான் இருக்கும். அஞ்சு நிமிச வேல" என்றார்.

அஞ்சு நிமிஷ வேலைதான். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் கையோடு வந்தது. நான் மட்டும் கிழிக்கவில்லை, உரித்தேன். மூலையிலிருந்து மெதுவாக, சுருக்கம் விழாமல், காற்றில் ஆடாமல் உரித்து, காரில் கிடந்த செய்தித்தாளை நடுவில் வைத்துத் துணி ரோல் மாதிரி சுருட்டினேன். முதல் கண்ணாடிக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. இரண்டாவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

நான் இரண்டாவதைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் அடித்தது. தங்கச்சி. சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தாள்.

"அண்ணி, எங்கீங்க வந்துட்டிருக்கறீங்க?"

"வந்துட்டே இருக்கறோம் கண்ணு."

"மொட்ட அடிச்சாச்சுங்க. காது குத்தற ஆசாரி வந்துட்டாரு. எங்க பெரிய மாமனாரு, அவிய வரலீன்னா நான் மடில வெச்சுக்கறன்னு இப்பவே பாயில வந்து ஒக்காந்துட்டாருங்க." அவள் குரல் இறங்கியது. "எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க அண்ணி. அண்ணங்கிட்ட வெரசா வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு மனைவி என் கையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏனுங்க, நீங்க என்ன பண்ணீட்டிருக்கறீங்க? ரோல் போடறீங்களா?"

"பின்னால எதுக்காச்சும் இதைய..." என்று ஆரம்பித்தேன். எதற்காகச் சுருட்டினேன் என்பதற்கு என்னிடம் பாதிக் காரணம்தான் இருந்தது.

அவள் மீதி இரண்டு கண்ணாடியிலும் கையை வைத்து, வாழையிலை கிழிக்கிற மாதிரி, இரண்டே இழுப்பில் கிழித்துச் சுருட்டி டிக்கியில் எறிந்தாள். "ஏறுங்க" என்றாள். போலீஸ்காரர் அவளுக்குச் சல்யூட் அடிக்காத குறைதான்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இப்போது கண்ணாடியை இறக்கத் தடையில்லை. நாலையும் இறக்கினேன். மக்காச்சோளக் காட்டுக் காற்று ஒரு பக்கமாக வந்து இன்னொரு பக்கமாகப் போனது. தூரத்தில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வண்டி வாங்கிய பிறகு அன்றைக்குத்தான் அதை ஓட்டுவது நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. மனைவிகூட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணை மூடினாள். அறுபதில் போனேன். எனக்கு அது விமான வேகம்.

குண்டடம், தாராபுரம் எல்லாம் தாண்டி, கோயிலுக்குப் பிரிகிற இடத்துக்கு வந்தபோது மணி பத்தைத் தாண்டிப் பன்னிரண்டு நிமிஷம். தார் ரோடு அங்கே முடிகிறது. கோயிலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் மண்தடம் போக வேண்டும். ஒரு வண்டி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது.

நான் பிரேக் போட்டேன்.

"என்னாச்சுங்க?"

"முள்ளு."

மனைவி முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "முள்ளுக்குத்தானுங்க அந்த பிளாஸ்டிக்க ஒட்டுனீங்க?"

"ஆமா. ஆனா பிளாஸ்டிக்கும் புதுசு."

இதைச் சொன்னபோது எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. பெயிண்டைக் காப்பாற்ற ஃபிலிம். ஃபிலிமைக் காப்பாற்ற நான். கைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகாத ஃபிலிமில் முதல் கீறலை நானே போடுவதா? வேப்ப மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினேன். டிக்கியில் கவர் வைத்திருந்தேன். கம்பெனியில் தள்ளுபடியான இன்டர்லாக் துணியில், சாம்பிள் டெய்லரிடம் சொல்லி அளவெடுத்துத் தைத்தது. அவர் கிண்டலாக ஓரத்தில் எக்ஸ் எக்ஸ் எல் என்று சைஸ் லேபிளும் வைத்துத் தைத்திருந்தார். அதைப் போட்டு, நாலு பக்கமும் இழுத்துவிட்டேன். மனைவி வாட்சைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது வாட்சைப் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"நான் போறனுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். தேங்காயும் பழமும் நல்ல கனம். இருநூறு அடிக்குள் கை தொய்ந்துவிட்டது, தட்டைத் தலையில் வைத்துக்கொண்டேன். செருப்பு வார் ஒன்று பாதியில் பிய்ந்தது. இரண்டையும் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். செம்மண் முழங்கால் வரைக்கும் ஏறியது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. அந்தப் பாயில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதும், தங்கச்சி அவர் மடியில் பிள்ளையை விடுவதும் அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தார் ரோட்டில் வராதது, முள்ளுக்கு நடுவில் வெறுங்காலில் ஓடும்போது வந்தது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஓடினேன்.

கோயில் வாசலில் பத்துப் பன்னிரண்டு கார், இரண்டு வேன், ஒரு பஸ்கூட நின்றன. எல்லாம் அந்த முள்ளுக்குள் புகுந்து வந்தவைதான். எல்லாவற்றிலும் கீறல். ஒருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

தங்கச்சி பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாயில் பெரிய மாமனார். பிள்ளையைக் கொடுக்கச் சொல்லி அவர் கை நீட்டியிருந்தார், அவள் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்ததை நான் எழுதப்போவதில்லை.

முதலில் பேசியது அவள் மாமியார்தான். நான் பயந்துகொண்டிருந்த அதே அம்மா. என் தலையில் இருந்த தட்டையும் காலில் இருந்த மண்ணையும் பார்த்துவிட்டு, சுற்றி நின்ற ஒரம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"பாத்துக்குங்க! வெறுங்காலோட, சீரத் தலமேல வெச்சு நடந்தே வந்திருக்கறாரு. பொறந்த ஊடுன்னா இப்படி இருக்கோணும். இப்பெல்லாம் யாருங்க செய்யறா? கார்ல வந்து எறங்கறாங்க, கார்ல ஏறிப் போறாங்க."

பெரிய மாமனார் மரியாதையாக எழுந்து பாயை விட்டுக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க மூச்சும் இல்லை. மணி என்ன என்று யாரோ கேட்டார்கள். பத்தரை ஆகிவிட்டது என்று ஒருவர் சொன்னார். முப்பத்திரண்டு என்றார் இன்னொருவர். என் தங்கச்சி வீட்டுக்காரர், அதிகம் பேசாத மனிதர், தன் கையைத் தூக்கிப் பார்த்து, "எம்பட வாட்சுல இன்னும் மூணு நிமிசம் இருக்குதுங்க. ஆசாரி, ஆரம்பிங்க" என்றார். அந்த வாட்சு ஓடிக்கொண்டிருந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். கனமாக, சூடாக இருந்தான். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு, "மாமா, உனக்கு ஏன் வேர்க்குது?" என்றான். ஆசாரி கம்பியை வைத்தார். அலறினான். மொட்டைத் தலையை என் நெஞ்சில் முட்டி முட்டி அழுதான். புதுச் சட்டை முழுக்கச் சந்தனமும் மூக்குச்சளியும் ஆனது. எங்கேயும் ஒட்டாமல், படாமல், கறையாகாமல் இருக்க வேண்டும் என்று எதைப் பார்த்தாலும் பதறுகிறவன், அன்றைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது காதும் குத்தி, நாங்கள் கொண்டுபோன தோட்டைப் போட்டுவிட்டார்கள். தங்கச்சி குனிந்து பிள்ளையை வாங்கினாள்.

அப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. கால் கழுவச் சொம்பில் தண்ணீர் வந்தது. பந்தியில் முதல் இலை. பெரிய மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். "மனசுல ஒண்ணு இருந்துச்சுங்க" என்றேன். பொய்யில்லை. மனைவி எதிர் வரிசையில் இருந்தாள். ரசம் புரையேறி இருமினாள்.

மதியம் கிளம்பும்போது நடந்து போகிறோம் என்றேன். விடவில்லை. தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் சரக்கு வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் முள் வேனின் இரண்டு பக்கமும் கீச்சென்று கீறிக்கொண்டே வந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேப்ப மரத்தடியில் என் கார் வெள்ளை பனியன் போட்டுக்கொண்டு நின்றது.

"என்னங்க மச்சான், வண்டி மக்கர் பண்ணிப்போடுச்சுங்களா?" என்றார் அவர்.

"இல்ல மாப்பள, சும்மா..." என்று இழுத்துக்கொண்டே கவரைக் கழற்றினேன். கருநீலம் வெயிலில் பளீரென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. கண்ணாடிகள்தான் பாதி உரிந்த பசையும் தூசியுமாக அசிங்கமாக இருந்தன. சாவியைப் போட்டதும் ஒரே தொடலில் வண்டி கிளம்பியது. அது கொஞ்சம் இருமியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். தங்கச்சி காரைப் பார்த்தாள், மண்தடத்தைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். என்னிடம், "பாத்துப் போங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாடிப் பசையைத் துடைக்க மறுநாள் கடைக்குப் போனேன். "வாஷ் பண்ணிட்டீயளா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, வெளுப்பான ஷேடை எடுத்து அவராகவே ஒட்ட ஆரம்பித்தார். நான் ஜிஎஸ்எம் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தங்கச்சி போன் செய்தாள். பையன் காது ஆறிவிட்டதாம். மாமியார் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஊருக்கெல்லாம் என் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட விசாரித்தார்களாம். எனக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. "அதுக்கென்ன கண்ணு, தாய்மாமன்னா அது கூடச் செய்யாம என்ன" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் சொன்னாள்:

"அண்ணா, இவிய யாருகிட்டயும் நான் எதும் சொல்லல, சொல்லவும் மாட்டன். ஆனா அன்னைக்கு நீங்க எம்பையனுக்காக நடக்கலீங்க, காருக்காக நடந்தீங்க. அது எனக்குத் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."